வறுமை காத்த ஆலயம்: சஃபோக் மாவட்டத்துப் பிளைத்பரோ

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் மாவட்டத்தில், பிளைத் என்னும் சிற்றாறு கடலைச் சேர்வதற்குச் சில மைல்களுக்கு முன் அகன்று, ஓதம் ஏறும்போது ஏரியாகவும் இறங்கும்போது சேற்றுவெளியாகவும் மாறிக்கொண்டிருக்கும் கழிமுகத்தின் ஓரத்தில், சில நூறு பேர் மட்டுமே வாழும் பிளைத்பரோ என்ற சிற்றூர் இருக்கிறது. அவ்வூரின் மேட்டில் நிற்கும் பரிசுத்த திரித்துவ ஆலயம் அவ்வூருக்குச் சற்றும் பொருந்தாத அளவுடையது. நாணல் அடர்ந்த தாழ்நிலத்தில் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும் அதன் நீண்ட சுவரையும் சாளர வரிசையையும் கண்டு, மக்கள் அதற்குச் 'சதுப்பு நிலத்துப் பேராலயம்' என்று பெயரிட்டனர். ஆயினும் பேராயரின் இருக்கை இங்கு ஒருபோதும் இருந்ததில்லை. இது என்றும் ஒரு கிராமத்தின் ஆலயமே. இத்துணைப் பெரிய கட்டடம் ஏன் இங்கு எழுந்தது என்ற கேள்விக்குச் செல்வத்தைக் காட்டி எளிதில் விடை கூறலாம். அதைக் காட்டிலும் அரிய கேள்வி, செல்வம் போன பின் நானூறு ஆண்டுகளாக அது எவ்வாறு உருமாறாமல் நின்றது என்பதாகும்.

அதற்கு முன் 'பேரிஷ்' என்ற அமைப்பை விளங்கிக்கொள்ள வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் ஆங்கிலிக்கன் வழிவந்த சபைகளில் 'சேகரம்' என்று வழங்குவது ஏறத்தாழ இதனையே குறிக்கும். ஒரு குருவானவரின் பொறுப்பில் விடப்பட்ட, எல்லை வரையறுக்கப்பட்ட நிலப்பரப்பும் அதில் வாழும் அனைவரும் சேர்ந்ததே ஒரு பேரிஷ். இடைக்கால இங்கிலாந்தில் அந்நிலப்பரப்பின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, அதாவது தசமபாகம், ஆலயத்தின் தலைமைக் குருவுக்கு உரியது. அவ்வருவாய்க்கு ஈடாக, ஆலயத்தின் கிழக்குக் கோடியில் திருவிருந்துப் பீடம் அமைந்த பகுதியைப் பழுது பார்ப்பது அவர் கடமையாக இருந்தது. மக்கள் கூடும் நடுக்கூடத்தையும் கோபுரத்தையும் பேணுவது ஊராரின் கடமையாக இருந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு பணப்பைகள் என்னும் இந்த ஏற்பாடு நாட்டின் பல ஆலயங்களில் ஒரு பாதி செழித்திருக்க மறுபாதி சிதைந்து கிடந்ததற்குக் காரணமாயிற்று. பிளைத்பரோவின் வரலாற்றிலும் அது மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.

ஊரின் தொன்மை ஆலயத்தின் தொன்மையை விட மிகுதி. ஏழாம் நூற்றாண்டின் நடுவில் கிழக்கு ஆங்கிலியாவின் கிறிஸ்தவ அரசரான அன்னா, மெர்சிய நாட்டு வேந்தன் பெண்டாவுடன் நிகழ்ந்த போரில் மடிந்தார். அவர் உடல் பிளைத்பரோவில் அடக்கம் செய்யப்பட்டதாக ஈலி மடத்தின் இடைக்கால நூலொன்று குறிக்கிறது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, திமிங்கல எலும்பாலான எழுதுபலகை ஒன்று இவ்வூரில் கிடைத்து இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருப்பது, அக்காலத்திலேயே எழுத்தறிந்த துறவியர் இங்கு வாழ்ந்தனர் என்று கருத இடமளிக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் ஹென்றி மன்னர் இவ்வூர் ஆலயத்தை எசெக்ஸ் மாவட்டத்துச் செயிண்ட் ஓசித் மடத்துக்கு வழங்கினார். அம்மடம் புனித அகஸ்தீன் விதிப்படி கூட்டாக வாழும் குருமாரின் சிறு கிளைமடம் ஒன்றை இங்கு நிறுவியது. அதன்பின் தசமபாகம் மடத்துக்குச் சென்றது. பீடப்பகுதியின் பொறுப்பும் மடத்தைச் சேர்ந்தது.

இன்று காணும் கட்டடத்தில் மேற்குக் கோபுரம் மட்டும் பதினான்காம் நூற்றாண்டுக்குரியது. எஞ்சியவை யாவும் பதினைந்தாம் நூற்றாண்டில் புதிதாக எழுப்பப்பட்டவை. கம்பளி, துணி, மீன் ஆகியவற்றின் வணிகத்தால் கிழக்கு ஆங்கிலியா இங்கிலாந்தின் செல்வம் மிக்க பகுதிகளுள் ஒன்றாக விளங்கிய காலம் அது. கடலிலிருந்து கப்பல்கள் பிளைத் ஆற்றின் வழியே ஊர்வரை வந்து சென்றன. 1430ஆம் ஆண்டில் இவ்வூரின் நிலவுரிமையைப் பெற்ற ஜான் ஹாப்டன் என்ற செல்வர், 1478இல் இறக்கும்வரை இங்குச் செல்வாக்கோடு வாழ்ந்தார்; பீடப்பகுதியின் வடபுறத்து ஹாப்டன் சிற்றாலயமும் அதையொட்டிய கல்லறையும் அவர் குடும்பத்தின் நினைவைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் இந்த ஆலயம் ஒரு பிரபுவின் கொடை மட்டுமன்று. ஊர் வணிகரும் மீனவரும் தம் இறுதி உயில்களில் சாளரத்துக்கும் கூரைக்கும் இருக்கைகளுக்கும் எனச் சிறு சிறு தொகைகளை எழுதிவைத்தனர். இறந்தோரின் ஆன்மா உத்தரிக்கும் ஸ்தலத்தில் தூய்மை பெறும் காலத்தை உயிரோடிருப்போரின் செபம் குறைக்கும் என்பது அக்கால நம்பிக்கை. ஆதலால் ஆலயத்துக்குக் கொடுத்தவர் தம் பெயரையும் தமக்காகச் செபிக்குமாறு கேட்கும் வேண்டுதலையும் அங்கே பொறிக்கச் செய்தனர். இவ்வேண்டுதல்களே அடுத்த இரு நூற்றாண்டுகளில் ஆலயத்துக்குப் பகையைத் தேடித்தந்தன.

சஃபோக் மண்ணில் கட்டடத்துக்குத் தக்க நல்ல கல் இல்லை. வயல்களிலும் கடற்கரையிலும் கிடைக்கும் சக்கிமுக்கிக் கல்லே அங்குள்ள இயற்கைக் கொடை; கடினமானதாயினும் சிறியதும் ஒழுங்கற்றதுமான அக்கல்லைக் கொண்டு மூலைகளையும் சாளரச் சட்டங்களையும் அமைக்க இயலாது. ஆகவே செதுக்குவதற்கு ஏற்ற சுண்ணாம்புக்கல்லை வெளியிலிருந்து நீர்வழியே கொணர்ந்து சட்டங்களுக்குப் பயன்படுத்தி, சுவரின் பரப்பைச் சக்கிமுக்கியால் நிரப்பினர். இந்தக் குறையையே அவ்வட்டாரக் கொத்தர்கள் ஒரு கலையாக்கினர். சக்கிமுக்கிக் கல்லை உடைத்து, அதன் கருமையான பளபளப்பான உள்முகம் வெளியே தெரியுமாறு வைத்து, வெளிறிய சுண்ணாம்புக்கல்லில் வெட்டிய வடிவங்களுக்குள் மேடுபள்ளமின்றிப் பதிப்பது அக்கலை. மழையில் நனைந்த சுவர் கருப்பும் வெண்மையுமாக ஒளிர்வதைக் காண்போர், கல்லில்லாத ஊர் என்பதை எளிதில் மறந்துவிடுவர். கிழக்குச் சுவரில் பெருஞ்சாளரத்துக்கு அடியில் முடிசூடிய எழுத்துகள் சில இவ்வாறு பதிக்கப்பட்டுள்ளன. அவை இயேசு, திரித்துவம், மரியாள், அன்னாள், கத்தரீனாள் ஆகியோரின் மாண்புக்காக ஆலயம் மீண்டும் கட்டப்பெற்றதைக் கூறும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துகள் என்று விளக்கம் தரப்படுகிறது. தென்புறத்துப் பக்கக்கூடத்தின் உச்சியிலும் முகமண்டபத்தின் உச்சியிலும் ஓடும் கைப்பிடிச்சுவர் சரிகை போலத் துளையிட்டுச் செதுக்கப்பட்டிருக்கிறது. நெடுஞ்சாலை பக்கமிருந்து வருவோர் முதலில் காணும் முகம் அதுவே ஆதலால், கொத்தர் தம் திறன் முழுவதையும் அங்கே காட்டினர் போலும்.

இக்கட்டடக் கலைப்பாணி 'பெர்பெண்டிகுலர்' எனப்படுகிறது. ஏறத்தாழ 1350 முதல் 1530 வரை இங்கிலாந்தில் மட்டும் வளர்ந்த கோதிக் கலையின் கடைசிக் கட்டம் அது. சாளரங்களின் கற்சட்டங்கள் வளைந்து பின்னிக்கொள்ளாமல் அடியிலிருந்து உச்சிவரை நேர்கோடாக ஏறுவதால் 'செங்குத்து' எனப் பொருள்படும் அப்பெயரைப் பெற்றது. சுவரின் பணியைக் குறைத்துக் கண்ணாடியின் பரப்பைக் கூட்டுவதே அதன் நோக்கம். நடுக்கூடத்தின் இருமருங்கும் மெல்லிய தூண்கள் வளைவுகளைத் தாங்குகின்றன. அவ்வளைவுகளுக்கு மேலே, பக்கக்கூடங்களின் கூரைக்கும் உயர்ந்து, பக்கத்துக்குப் பதினெட்டாகச் சாளரங்கள் நெருங்கி நிற்கின்றன. நடுக்கூடத்தையும் பீடப்பகுதியையும் பிரிக்கும் பெருவளைவு இங்கு இல்லாமையால், கூரை மேற்கிலிருந்து கிழக்குவரை இடைவெட்டின்றி ஒரே நீளமாக ஓடுகிறது. மக்களின் இடத்தையும் குருவின் இடத்தையும் பிரித்தது மரத்தாலான திரை மட்டுமே.

அந்தக் கூரையே பிளைத்பரோவின் உயிர்நாடி. அது சற்றே சரிந்த, ஏறக்குறையத் தட்டையான ஓக் மரக் கூரை; சுவருக்குச் சுவர் கிடக்கும் குறுக்கு உத்திரங்கள் ஒவ்வொன்றின் நடுவிலும், முதுகோடு முதுகு பொருந்திய இரண்டு தேவதூதர் உருவங்கள், ஒன்று கிழக்கையும் மற்றொன்று மேற்கையும் நோக்கிச் சிறகு விரித்துக் கிடக்கின்றன. தேவதூதரைக் கூரையில் செதுக்கும் வழக்கத்தை 1390களில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அரசரின் தச்சர் ஹியூ ஹெர்லண்ட் தொடங்கிவைத்தார். அதன்பின் அவ்வழக்கம் வேரூன்றித் தழைத்தது பெரும்பாலும் கிழக்கு ஆங்கிலியாவில்தான். மற்ற ஊர்களில் இவ்வுருவங்கள் சுவரோரம் நீட்டிக்கொண்டிருக்கும் உத்திரக் கைகளின் நுனியில் அமர்ந்திருக்க, இங்கோ கூரையின் நடுமுகட்டிலேயே, வழிபடுவோரின் தலைக்கு நேர்மேலே மிதப்பன போல் அமைந்துள்ளன. உத்திரங்களில் பூசிய வெள்ளை, சிவப்பு, பச்சை வண்ணங்களும், இயேசுவின் பெயரைச் சுருக்கமாகக் குறிக்கும் எழுத்துகளும் இன்றும் மங்கலாகத் தெரிகின்றன. இங்கிலாந்தின் இடைக்கால ஆலயங்களில் வண்ணம் இந்த அளவுக்கு மீந்திருப்பது அரிது. பிற்காலத்தார் எவரும் அதன்மேல் புதுப்பூச்சு பூச முனையாததால்தான் இவ்வளவேனும் எஞ்சியது.

கீழே, நடுக்கூடத்து இருக்கைகளின் முனைகளில் உள்ள மரச்சிற்பங்கள் மேலுலகை விட்டு மண்ணுலகைப் பேசுகின்றன. படுக்கையை விட்டு எழாத சோம்பல், வயிற்றைத் தடவும் பெருந்தீனி, பணப்பெட்டியைக் காக்கும் பேராசை, கண்ணைத் திறந்துகொண்டே செபிக்கும் பாசாங்கு, நாவை நீட்டும் புறங்கூறல் என மனிதரின் பாவங்கள் ஒருபுறமும், விதைப்பு, அறுவடை போன்ற பருவ வேலைகள் மறுபுறமுமாக அவை அமைந்துள்ளன. எழுத்தறியாத உழவரும் மீனவரும் ஞாயிறுதோறும் கையை ஊன்றி எழுந்த இடங்கள் இவை. அண்டை வீட்டாரைப் பார்த்தே தச்சர் இம்முகங்களைச் செதுக்கியிருக்க வேண்டும் என்று தோன்றும் அளவுக்கு அவற்றில் உயிர் ததும்புகிறது.

இப்பணிகள் நிறைவெய்தி அரை நூற்றாண்டு கழிவதற்குள் அவற்றுக்கு அடித்தளமாயிருந்த உலகமே மாறியது. 1534இல் எட்டாம் ஹென்றி மன்னர் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமையை ரோமாபுரியிடமிருந்து தம்மிடம் மாற்றிக்கொண்டார். 1537இல் பிளைத்பரோ மடம் மூடப்பட்டது. அதன் நிலங்கள் ஹாப்டன் குடும்பத்தைச் சேர்ந்தன. தசமபாக உரிமையும் அத்தோடு மதக்கடமை எதுவுமில்லாத இல்லறத்தார் கைக்கே போயிற்று. ஊரின் குருவுக்குச் சொற்ப ஊதியமே மிஞ்சியது. 1549இல் ஆங்கிலத்தில் அமைந்த பொது செபநூல் வந்தது. இலத்தீன் பூசைக்கெனக் கட்டப்பட்ட இடம் ஆங்கில வாசிப்புக்கும் பிரசங்கத்துக்கும் உரிய இடமாயிற்று. ஒரே கட்டடம், ஒரே ஊரார், ஆனால் வேறொரு வழிபாடு. ஆங்கிலிக்கன் கிராம ஆலயங்களுள் பழைமையானவை பெரும்பாலும் இவ்வாறு கையளிக்கப்பட்டவையே. இதை மறந்துவிட்டு அவற்றின் அமைப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

1577 ஆகஸ்ட் 4ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை வழிபாட்டின் நடுவே, கடும் இடியும் மின்னலும் ஆலயத்தைத் தாக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் தரையில் வீழ்த்தப்பட்டனர் என்றும், நாற்பது வயதைக் கடந்த ஒருவரும் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்து கிடந்தனர் என்றும் ஹாலின்ஷெட் பெயரால் வழங்கும் அக்கால வரலாற்றுத் தொகுப்பு கூறுகிறது. கோபுரத்தின் மேலிருந்த கூம்பு அன்றே கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது என்பது ஊர் மரபு. அதே நாளில் பங்கே என்னும் அண்டையூர் ஆலயத்திலும் உயிர்ச்சேதம் நேர்ந்தது; அதைப் பற்றி ஏபிரகாம் ஃப்ளெமிங் எழுதி வெளியிட்ட துண்டுநூல், கரிய நாயின் வடிவில் பிசாசு புகுந்ததாக விவரித்தது. பிளைத்பரோவின் வடவாயிற் கதவில் உள்ள கருகிய தடங்களை அந்நாயின் நகக்குறிகள் என்று இன்றும் காட்டுவர். கூம்பு மீண்டும் கட்டப்படவில்லை. நூறாண்டுக்கு முன்னராயின் ஊரார் அதை உடனே கட்டி முடித்திருப்பர்; 1577இல் அதற்கான பணமும் இல்லை, அதைத் தூண்டும் நம்பிக்கையும் இல்லை. ஆற்றில் வண்டல் படிந்துகொண்டிருந்தது. பெரிதாகிக்கொண்டே போன கப்பல்களால் ஊர்வரை வர இயலவில்லை.

உள்நாட்டுப் போரின்போது, 1643இல், உருவங்களையும் இறந்தோருக்கான வேண்டுதல்களையும் ஆலயங்களிலிருந்து அகற்றுமாறு நாடாளுமன்றம் ஆணையிட்டது. சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டங்களில் அதை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவர் லாக்ஸ்ஃபீல்டில் பிறந்த வில்லியம் டௌசிங். அவர் தம் பணியை நாட்குறிப்பாக எழுதிவைத்ததால், இங்கிலாந்தில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு இவ்வழிவின் விவரம் கிடைக்கிறது. 1644 ஏப்ரலில் பிளைத்பரோவுக்கு வந்த அவர், செபம் வேண்டும் பித்தளைப் பொறிப்புகளைப் பெயர்த்தார். இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்களையும் இருபது தேவதூதரையும் அகற்றுமாறு கட்டளையிட்டுச் சென்றார். சாளரங்களில் இன்று வண்ணக் கண்ணாடி சிறு துண்டுகளாக மட்டுமே எஞ்சியிருப்பதற்கு இதுவும் இதற்கு முந்தைய அழிவுகளும் காரணம். அவ்வழிவின் விளைவாகவே கழிமுகத்தின் வெள்ளொளி தடையின்றி உள்ளே பாய்கிறது. ஆனால் தேவதூதர் இறக்கப்படவில்லை. உயர்ந்த சாரம் கட்டி, கூரையின் உத்திரத்தோடு இணைந்த மரத்தை வெட்டியெடுக்கும் செலவை ஊராரே ஏற்க வேண்டியிருந்தது. அவர்கள் அதை ஏற்கவில்லை. இருக்கைமுனைகளின் பாவங்களும் தப்பின. அவை புனிதர்களல்லவே.

இவ்வளவோடு நில்லாமல், பிற்கால மரபு டௌசிங்கின் தலையில் மேலும் பல குற்றங்களைச் சுமத்தியது. தூண்களில் உள்ள இரும்பு வளையங்களில் அவருடைய வீரர் குதிரைகளைக் கட்டினர் என்றும், கைக்கெட்டாத தேவதூதரைக் கீழிருந்து சுட்டனர் என்றும் வழிவழியாகச் சொல்லப்பட்டது. சிறகுகளில் ஈயக் குண்டுகள் புதைந்திருந்தமை அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. நாட்குறிப்பில் குதிரைகளும் இல்லை, துப்பாக்கிச் சூடும் இல்லை.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அண்டையூர்கள் எடுத்த முடிவுகளோடு பிளைத்பரோவை ஒப்பிடுவது பயன்தரும். கடலோரத்துக் கோவ்ஹைத் ஊரார் தம் பெரிய ஆலயத்தைப் பேண இயலாமல் 1672இல் அனுமதி பெற்றுக் கூரையைப் பிரித்து, அதன் சுவர்களுக்கு உள்ளேயே ஓலை வேய்ந்த சிற்றாலயம் ஒன்றைக் கட்டிக்கொண்டனர். ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள வால்பர்ஸ்விக் மக்கள் 1690களில் தம் ஆலயத்தின் பெரும்பகுதியை இடித்து, தென்மேற்கு மூலையை மட்டும் வைத்துக்கொண்டனர். இரண்டும் அறிவுள்ள முடிவுகளே. ஈயத்தகட்டையும் மரத்தையும் விற்றால் சிறிய ஆலயத்துக்குச் செலவு கிடைக்கும். 1676இல் தீவிபத்தில் பல வீடுகளை இழந்திருந்த பிளைத்பரோவும் அவ்வாறே செய்திருக்கலாம். செய்யவில்லை. 1682இல், வழிபாட்டின் தொடக்கத்தில் சுத்தியலால் மணியடிக்கும் வண்ணம் தீட்டிய மரவீரன் உருவம் ஒன்றை அவ்வூர் செய்துவைத்தது, பெரிய இடத்தை விட்டுவிட அதற்கு மனமில்லை என்பதைக் காட்டுகிறது. ஹாப்டன் சிற்றாலயம் பள்ளிக்கூடமாகப் பயன்பட்டது. அங்கே 1665இல் தன் பெயரையும் பன்னிரண்டு வயதையும் மேசையில் செதுக்கிய சிறுவன் டிர்க் லோவர்சன், சதுப்பை மீட்கக் கரை கட்ட வந்த டச்சுக்காரரின் மகன் எனக் கருதப்படுகிறான்.

இதன்பின் இரு நூற்றாண்டுகள் ஆலயம் மெல்ல மெல்லச் சிதைந்தது. உடைந்த சாளரங்கள் செங்கல்லால் அடைக்கப்பட்டன, கூரை ஒழுகியது, மழைநாளில் மக்கள் குடை பிடித்து அமர்ந்தனர். 1881இல் ஆலயம் ஆபத்தானதென மூடப்பட்டு, 1884இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அப்போது எழுந்த சர்ச்சை இங்கிலாந்தின் கட்டடப் பாதுகாப்பு வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. விக்டோரியா காலத்துக் கட்டடக் கலைஞர் பலர் பழைய ஆலயங்களைச் சுரண்டித் துப்புரவாக்கி, தாம் கற்பனை செய்த இடைக்கால முழுமைக்கு அவற்றைக் 'கொண்டுவந்து' கொண்டிருந்தனர். இதை எதிர்த்து 1877இல் வில்லியம் மோரிஸ் பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கத்தை நிறுவினார். பழுதைத் தடுத்தால் போதும், பழைமையைப் புதிதாகச் செய்யலாகாது என்பது அதன் கொள்கை. பிளைத்பரோவில் முதலில் கட்டடக் கலைஞர் ஜி.ஈ. ஸ்ட்ரீட்டும், 1881இல் அவர் இறந்தபின் ஆர்தர் பிளோம்ஃபீல்டும் திட்டம் வகுத்தனர். சீரமைப்புக் குழுவுக்கும் சங்கத்துக்கும் இடையிலான பிணக்கு 1906வரை நீண்டது. ஒழுகும் கூரையின் கீழ் வழிபட்டவருக்குச் சங்கத்தின் அறிவுரை கசந்ததில் வியப்பில்லை. ஆயினும் தேவதூதரையும் மங்கிய வண்ணத்தையும் காண்போர் எவரும் சங்கத்தின் பக்கமே நியாயம் இருந்ததென்று கொள்வர். குழுவிடம் தாராளமான பணம் இருந்திருப்பின் சங்கத்தின் சொல் எடுபட்டிருக்குமா என்பது ஐயமே. நிதி சிறுகச் சிறுகவே சேர்ந்தது. ஆதலால் வேலையும் சிறுகச் சிறுகவே நடந்தது. மாற்ற எண்ணியவற்றுள் பல மாற்றப்படாமலே நின்றன.

இருபதாம் நூற்றாண்டில் ஆலயத்துக்கு வேறொரு வாழ்வும் அமைந்தது. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் ஆல்ட்பரோ இசைவிழாவின் கச்சேரிகளை இங்கே நடத்தினார்; 1969 ஜூனில் அவ்விழாவின் ஸ்னேப் அரங்கம் எரிந்தபோது, அங்கு நடக்கவிருந்த மோட்சார்ட்டின் 'இடோமெனியோ' சில நாட்களுக்குள் இந்த ஆலயத்துக்கு மாற்றப்பட்டது. மரக்கூரையும் நீண்ட கூடமும் இசைக்கு இசைந்தன.

1970களில் கூரையைப் பழுது பார்க்கச் சாரம் கட்டியபோது, தேவதூதரின் உடலில் புதைந்திருந்த ஈயத்தை அருகிலிருந்து ஆராய முடிந்தது. அவை பதினேழாம் நூற்றாண்டுப் படைவீரரின் குண்டுகள் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, பறவை சுடும் சிறு உருண்டைகள். உடைந்த சாளரங்களின் வழியே புகுந்த ஜாக்டா என்னும் சிறு காக்கைகள் கூரையில் கூடு கட்டி ஆலயத்தை அசுத்தப்படுத்தியிருந்தன. அவற்றைச் சுடுவதற்கென 1761இல் வெடிமருந்துக்கும் ஈயத்துக்கும் கொடுத்த தொகையை ஆலயக் காப்பாளர்கள் தம் கணக்கேட்டில் பதிந்துவைத்திருந்தனர்.